பெட்டை மூஸுக்கு விழுந்த சீட்டு

இலையுதிர்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அலுவல். மனைவிக்குக் கேதார கௌரி விரதம், எனக்கு மூஸ் வேட்டை. இரண்டும் ஒரே நாட்களில்தான் வந்து விழும். புருஷனுடைய ஆயுளுக்காக அவள் இருபத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பாள். அந்தப் புருஷன் காட்டுக்குள் ஓர் உயிரை எடுப்பதற்காகக் குந்தியிருப்பான். இப்படிப் பொருத்தமான சோடி இந்த மொன்றியல் தீவிலேயே இல்லை என்று நான் சொல்லுவேன். அவளுக்குச் சிரிப்பு வராது.

மூஸை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மான் சாதிதான். ஆனால் குதிரையைவிட உயரம். தொங்கும் மூக்கு, நீளக் கால், கழுத்தின் கீழே ஒரு தாடி. கடவுள் மிச்சம் மீதியை வைத்துச் செய்த மிருகம் என்று முதல் முறை பார்த்தபோது நினைத்தேன். இங்கே பிரெஞ்சுக்காரருக்கு அதன்மேல் பெரிய பக்தி. நான் வேலை செய்யும் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில், விமானத்துக்கு உதிரிப்பாகம் கடையும் பகுதியில், ஒக்டோபர் நடுவில் பாதிப் பேரைக் காணக் கிடைக்காது. வந்த புதிதில், ஏதோ கோயில் திருவிழா போலிருக்கிறது, நமக்குத்தான் சொல்லவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் நிற்கும் தாடிக்காரரும் பெயின்ற் பகுதியில் இருக்கும் நெட்டையரும் பல வருடக் கூட்டாளிகள். தீவை விட்டு வடக்கே ஐந்து மணி நேரம் கார் ஓடினால் நெட்டையரின் தகப்பன் கட்டிய மரக்குடில் ஒன்று உண்டு. அவர்களுடைய மூன்றாவது ஆள் முழங்கால் வருத்தம் என்று விலகிவிட்டார். அந்த இடத்துக்கு நான். துவக்குக்கு ஒரு வகுப்பு, வேட்டைக்கு ஒரு வகுப்பு, இரண்டிலும் பரீட்சை. நான் பாஸ் பண்ணிய சேர்ட்டிபிக்கட்டை மேசையில் வைத்தபோது மனைவி அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

“துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த ஆள், இஞ்சை வந்து சோதினை எழுதித் துவக்கு எடுக்கிறார்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தக் காட்டின் அமைதிக்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம். துவக்கு இருந்தும் அமைதியாக இருக்கும் ஓர் இடத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவள் தடுக்கவில்லை. சட்டங்கள் போட்டாள். விரத நாளில் மூஸ் இறைச்சி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. என் பங்கு தாடிக்காரர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் கிடக்க வேண்டும். அவளுக்கு டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. விரத நாளிலும் கையுறை போட்டுக்கொண்டு கோழியும் மாடும் தட்டுத் தட்டாக அடுக்குவாள்.

“அங்கை மாட்டைத் தொடலாம், என்ர மூஸுக்கு மட்டும் தீட்டோ?” என்று ஒரு முறை கேட்டேன்.

“அது வேலை. இது வீடு” என்றாள். அதற்கு மேல் கதை இல்லை.

காட்டால் வந்தால் நான் முன்கதவால் வரக்கூடாது. பின்பக்கக் கலறிக்கு, அதாவது சமையலறைக் கதவுக்கு வெளியே உள்ள மரப் பல்கனிக்கு, இரும்புப் படியால் ஏறி வர வேண்டும். வேட்டை உடுப்பு அத்தனையையும் அங்கேயே கழற்றிக் கறுப்புப் பையில் போட வேண்டும். ஒக்டோபர் கடைசிக் குளிரில், உள் காற்சட்டையோடு, மேல்வீட்டுக் கிழவி உடுப்புக் காயப்போடுகிற நேரம் பார்த்து நான் நிற்பேன். கதவு திறக்கும். முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“நாம்பனோ, பெட்டையோ?”

ஆண் மூஸைத்தான் நாம்பன் என்பாள். நாம்பன் என்றோ, ஒன்றும் கிடைக்கவில்லை என்றோ சொல்லுவேன். அதன் பிறகுதான் டோர்ச்சோடும் வாசிக்கிற கண்ணாடியோடும் வெளியே வருவாள். உண்ணி பார்ப்பதற்கு. காதுக்குப் பின்னால், பிடரி, கமக்கட்டு, முழங்கால் மடிப்பு, கடைசியாக முதுகு. “கையைத் தூக்குங்கோ. திரும்புங்கோ. ஆடாமல் நில்லுங்கோ.” மச்சம் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். என் முதுகில் எத்தனை மச்சம், எது எங்கே என்று உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது.

முதல் வருடம் உண்மையாகவே ஓர் உண்ணி இருந்தது, இடது தோளுக்குக் கீழே. அவளுக்கு ஊரில் மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி எடுத்த பழக்கம். வேப்பெண்ணெய் போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினாள். அது அசையவில்லை. கற்பூரத்தைக் கொளுத்திக் கிட்டே பிடித்தாள். நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக் கிழவி எட்டிப் பார்த்தாள். வேப்பெண்ணெய் மணத்தோடும் நெருப்புச் சுட்ட அடையாளத்தோடும் கிளினிக்குக்குப் போனபோது, இரண்டு பேரையும் இருத்தி வைத்து நேர்ஸ் பேசினார். எண்ணெயும் ஆகாது, நெருப்பும் ஆகாது, அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதை ஆளின் இரத்தத்துக்குள் விட்டுவிடும், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்றார். எனக்கு மருந்துக் குளிசை தந்தார். அன்றிலிருந்து புருவம் பிடுங்குகிற இடுக்கி ஒன்று எங்கள் சாமித் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விரத காலத்துக்கு வேண்டிய சாமானாம்.

பெட்டை பற்றிய சட்டத்தை இனிச் சொல்ல வேண்டும். எங்கள் வேட்டை வலயத்தில், சாதாரண அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் நாம்பனையும் கன்றையும் சுடலாம். வளர்ந்த பெட்டையைச் சுடுவதென்றால் தனியான அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பித்துவிட்டு, குலுக்கலில் விழுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். எத்தனை பெட்டை போனால் காடு தாங்கும் என்று அரசாங்கம் கணக்குப் பார்த்து, அத்தனை சீட்டுத்தான் விடும். நான் மூன்றாவது ஆளாகச் சேர்ந்த வருடம் என் பெயரும் குலுக்கலுக்குப் போனது. அதை வீட்டில் உளறிவிட்டேன்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். “நான் அம்மனை நினைச்சு இருபத்தொரு நாள் பட்டினி கிடக்கிறன். நீங்கள் ஒரு தாயைச் சுட்டுப்போட்டு வந்து என்னட்டைக் காப்புக் கட்டக் கை நீட்டுவியளோ? சத்தியம் பண்ணுங்கோ.”

பண்ணினேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. சீட்டு விழுந்தால்தானே! எனக்குச் சீட்டு என்று ஒன்று வாழ்க்கையில் விழுந்ததே கிடையாது. வருடா வருடம் பெயரைக் கொடுத்தோம், வருடா வருடம் இல்லை என்று பதில் வந்தது. அமாவாசையன்று கோயிலில் ஐயர் தரும் நூலை அவள் கொண்டுவந்து என் வலது மணிக்கட்டில் கட்டுவாள். அது அடுத்த வருட விரதம் வரைக்கும் கையிலேயே கிடக்கும். தொழிற்சாலைக் கிரீஸில் ஊறிக் கறுத்துப் போகும்.

உண்ணியின் மற்றக் கதையை எனக்குச் சொன்னவள் ஒரு மாணவி. காட்டில் மூஸ் விழுந்தால் அதைப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாய வளாகத்தில் படிக்கும் அந்தப் பிள்ளை, முழங்காலில் நின்று, செத்த மிருகத்தின் உரோமத்தைச் சீப்பால் வகிடு எடுத்து வகிடு எடுத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கடுகு மணியிலும் சிறியவையாக ஏதோ ஒட்டியிருந்தன. இது மனிதரில் ஏறுகிற உண்ணி இல்லை, மூஸுக்கென்றே வந்தது என்றாள். இலையுதிர்காலத்தில் புதர் நுனியில் ஏறிக் கும்பலாகக் காத்திருக்குமாம். உரசிப் போகிற மூஸில் தொற்றிக்கொண்டால் பனிக்காலம் முழுக்க அதிலேயே இருந்து இரத்தம் குடிக்குமாம். முன்னர் நேரத்தோடு வந்த பனி புதரிலேயே அவற்றைக் கொன்றுவிடும். இப்போது பனி பிந்தி வருகிறது. மூஸும் நெருக்கமாக இருந்தால் உண்ணிக்குக் கொண்டாட்டம். ஆகவே பெட்டைக்குக் கூடுதலாகச் சீட்டு விட்டுக் கூட்டத்தைக் குறைத்தால் மிச்சம் பிழைக்கும் என்று ஒரு பகுதியார் சொல்கிறார்கள், மற்றப் பகுதியார் அதை ஒத்துக்கொள்வதில்லை என்றாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். “கொல்லுறதுக்கு இப்பிடியும் ஒரு நியாயமோ?” என்றாள் மனைவி. அவள் அதை நம்பவில்லை.

பிறகு ஒரு ஏப்ரலில் அவளே நேரில் பார்த்தாள். மேப்பிள் பாகு காய்ச்சுகிற காலம். நெட்டையரின் குடும்பம் எங்கள் இருவரையும் குடிலுக்குக் கூப்பிட்டது. கூட்டாளிகளின் மனைவிமாரும் வந்தார்கள். இவள் பாகுக்குத் தொட்டுக்கொள்ளத் தோசை சுட்டுக் கொண்டுவந்தாள். அது அங்கே அமோகமாகப் போனது. மத்தியானம் எல்லோரும் நடக்கப் போனோம். பாதையின் வளைவில், பாதி கரைந்த பனியில், ஒரு கன்று படுத்திருந்தது.

முதலில் அது மூஸ் என்றே தெரியவில்லை. கழுத்திலும் தோளிலும் உரோமம் இல்லை. மரத்தில் உரசி உரசித் தேய்த்து வெள்ளையாய்ப் போயிருந்தது. பேய் மூஸ் என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். காதுக்குக் கீழே, நெஞ்சில், தொடையிடுக்கில் எல்லாம் உண்ணி. குடித்துக் குடித்துத் திராட்சைப்பழம் அளவுக்கு ஊதியவை. சில நிறைந்து விழுந்திருந்தன. அது படுத்த இடத்துப் பனி சிவப்பாகக் கிடந்தது. மூச்சு இருந்தது. கொஞ்சம் தள்ளி மரங்களுக்குள்ளே தாய் நின்றது. எங்களைக் கண்டும் அது ஓடவில்லை.

“உண்ணி குடிச்சோ இது சாகுது?” என்று மனைவி கேட்டாள்.

“ஓம்.”

“தாய்க்கு ஒண்டும் செய்யேலாதோ?”

“ஏலாது. அதின்ர மேலிலும் இருக்கும். பெருத்த உடம்பு எண்டபடியால் அது தாங்குது.”

அவள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நெட்டையர் உரிய அதிகாரிக்குப் போன் பண்ணினார். மற்றப் பெண்கள் அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது, தீவுக்குள் வரும் பாலத்தில் கார்கள் இறுகி நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

“உங்களுக்கு அந்தப் பெட்டைச் சீட்டு விழுந்தால் என்ன செய்வியள்?”

“உமக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறன். சுடமாட்டன்.”

அவள் ஆற்றைப் பார்த்தபடியே, “முதல்லை விழட்டும். விழுந்தால் பேந்து சொல்லுறன்” என்றாள். பிறகு சொல்லுவாளாம்.

அந்த வருடம் குலுக்கலில் எங்களுக்கு விழவில்லை. நான் விடவில்லை. கோப்பி போடும்போது கேட்பேன், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது கேட்பேன், வேண்டுமென்றே சீண்டுவேன். “என்ன மாதிரி, அம்மன் தீர்ப்புச் சொல்லிட்டாவோ?” என்பேன். “உங்களுக்கு எல்லாம் பகிடி. நான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். விழட்டும், பேந்து சொல்லுறன்” என்பாள். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். சமைக்கும்போது திடீரென்று, அந்தக் கன்றின் தாய் இப்போது எங்கே நிற்கும் என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

அந்த இலையுதிர்காலமும் விரதம் பிடித்தாள். நூல் கட்டினாள். அடுத்து வந்த மாசியில் ஒரு காலை, டோர்வலுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடியே பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் தோளில் சாய்ந்துவிட்டாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சொல் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு ஆத்திரம். அவள்மேல்தான் ஆத்திரம். செத்தவர்மேல் கோபிக்கக்கூடாது என்பார்கள். சொல்பவர்களுக்கென்ன?

கோடை தொடங்கும்போது, தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் தாடிக்காரர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எங்கள் குழுவுக்குச் சீட்டு விழுந்திருந்தது. அதுவும் என் பெயரில். இத்தனை வருடம் விழாத சீட்டு. அவர் என் முதுகில் தட்டினார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். சத்தியத்தின் கதை அவருக்குத் தெரியும். உன் சீட்டு, உன் முடிவு, வேண்டாம் என்றால் நாங்கள் நாம்பனையே தேடுவோம் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து சாமித் தட்டுக்கு முன்னால் நின்று, “சீட்டு விழுந்திட்டுது, சொல்லும்” என்றேன். பைத்தியக்காரத்தனம்தான். இடுக்கியும் விபூதிக் கிண்ணமும் இருந்தன. அந்த அறையில் நின்று, அவள் “பேந்து” என்று சொல்லும் குரலை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஓம் என்று சொல்லப் போகிறவளின் குரலா, வேண்டாம் என்று சொல்லப் போகிறவளின் குரலா? கோடை முழுக்க அதே வேலை. ஒரு நாள் ஓம் போலக் கேட்டது, மறுநாள் வேண்டாம் போலக் கேட்டது.

ஒக்டோபரில் காட்டுக்குப் போனேன். விரத நாட்கள்தான். பிடிக்க ஆள் இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் வீட்டுக்குள் நான் இறைச்சி கொண்டு வரவில்லை. கறுத்துப்போன பழைய நூல் கையிலேயே இருந்தது. அந்த வருடமும் பனி விழவில்லை. கையுறை இல்லாமல் இருக்கக்கூடிய வெயில். மூன்றாம் நாள் காலை தாடிக்காரர், மூஸைக் கூப்பிடுகிற மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து ஒருமுறை ஊதிவிட்டு, கீழ்ப்பக்கத்து ஓடைக்குப் போனார். நான் மேட்டில் தனியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. கொம்பில்லாத பெரிய பெட்டை. பின்னால் கன்று வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. நெடுநேரம் பார்த்தேன், வரவில்லை.

அது நின்று ஒரு புதரை மேய்ந்தது. அந்தப் புதர் நுனிகளில் என்ன காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் பார்த்த தாய் இதுதானோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. காட்டில் எத்தனையோ பெட்டை. துவக்கைத் தோளில் வைத்தேன். “சொல்லும், இப்ப சொல்லும்” என்று முணுமுணுத்தேன். காற்று மட்டும் இருந்தது. அவள் சொல்லப் போவதில்லை என்பது மாசியில் எனக்கு விளங்கவில்லை, சுடலையிலும் விளங்கவில்லை. அந்த மேட்டில் விளங்கியது. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனியில் சால்வையால் வாயைப் பொத்தி நின்றவளை நினைத்துக்கொண்டு சுட்டேன். அது இரண்டு அடி வைத்து விழுந்தது.

பதிவு நிலையத்தில் அதே மாணவி. உரோமத்தை வகிடு எடுத்து, எண்ணி, எழுதினாள். நிறைய இருக்கிறது, இந்த வருடம் பார்த்தவற்றுள் இது மோசம் என்றாள். என் மனம் கொஞ்சம் ஆறியது. ஆனாலும் அது மாணவியின் பதில். நான் கேட்டிருந்தது வேறு ஆளிடம்.

இறைச்சி வழக்கம்போலத் தாடிக்காரர் வீட்டுக்குப் போனது. மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு என்னை வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இறக்கிவிட்டுப் போனார். முன்கதவால் போயிருக்கலாம். கேட்க ஆளில்லை. கால் தானாகவே இரும்புப் படியில் ஏறியது. கலறியில் ஜக்கெட்டைக் கழற்றினேன், சப்பாத்தைக் கழற்றினேன், சேர்ட்டையும் காற்சட்டையையும் கழற்றினேன், எல்லாவற்றையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினேன். செங்கல் சுவரைப் பார்த்துத் திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். குளிர் முள்ளாய்க் குத்தியது. மேல்வீட்டுக் கிழவி உடுப்புக் கொடியை இழுத்தவள், என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

வருடம் வருடமாக என் ஆயுளுக்காகப் பட்டினி கிடந்தாள். அவளுடைய விரதம் பலித்துவிட்டது. இதோ, கல்லுப்போல நிற்கிறேன். தனக்கென்று அவள் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

“பெட்டை” என்றேன், கதவுக்குக் கேட்கும்படியாக. “பெட்டைதானப்பா. கன்று இல்லை. நல்லாப் பார்த்துத்தான் சுட்டனான்.”

தூக்கிய கை உளையும் வரைக்கும் நின்றேன். பிறகு பையை அவிழ்த்து, காற்சட்டைப் பொக்கற்றில் இருந்து திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தேன். குளித்தேன். காதுக்குப் பின்னால், பிடரி, கமக்கட்டு, முழங்கால் மடிப்பு எல்லாம் டோர்ச் அடித்து நானே பார்த்தேன். முதுகை ஒருவரும் பார்க்கவில்லை.